ட்ரைசூட்டுல எதுக்குக் காசு போடணும், எதுல கையைக் கட்டிக்கணும்

வீட்டுப் பெரியவுகளுக்குப் படைக்கிற படைப்புக்கு ஊருக்கு வந்து நாலு நாளாச்சு, பள்ளத்தூர் வீட்டு முகப்புல உக்காந்துதான் இதை அடிக்கிறேன், வெளிய வெயில் 39 டிகிரி, உள்ள ஆத்தா மோர் கலக்கிட்டு இருக்காக, எதிர்ல சித்தப்பா மகன், ட்ரைசூட் (தண்ணி உள்ள வராம உடம்பை மூடுற டைவிங் உடுப்பு) எந்தத் துணில வாங்குறதுன்னு லேப்டாப்புல இருவது டேப்பைத் திறந்து வச்சுக்கிட்டு "அண்ணே, ட்ரைலாமினேட்டா நியோப்ரீனா, ஒரே வார்த்தையில சொல்லுங்கண்ணே"ன்னு காலைலேர்ந்து உயிரை எடுக்கிறான். பய அந்தமான்ல ஓப்பன் வாட்டர்ங்கிற முதல்கட்ட டைவிங் கோர்ஸ் முடிச்சிருக்கான், மொத்தம் 14 டைவ், செப்டம்பர்ல கிளாஸ்கோவுக்குப் படிக்கப் போறான், போன கையோட அங்க கடல்ல இறங்கணுமாம், அடுத்த வருஷம் ஸ்காட்லாந்துல மூழ்குன கப்பல்கள் கிடக்கிற ஸ்காபா ஃப்ளோவாம். நான் 9 வருஷமா நார்வேல, பெர்கன் பக்கம், பச்சைத்தண்ணில முங்கிட்டு இருக்கிற ஆளு, அதனால குடும்பத்துல இந்த விஷயத்துக்கு நான்தான் கோர்ட்டு. ஒரே வார்த்தையில தீர்ப்புச் சொல்ல முடியாது, அதனால நீளமா எழுதிடறேன், அவனுக்கும் ஆகும், இதே குழப்பத்துல இருக்கிற மத்தவுகளுக்கும் ஆகும்.

ட்ரைசூட் எதுக்குங்கிறதை சட்டுனு முடிச்சுக்கிறேன். நம்ம தொண்டிக் கடல்ல தண்ணி 28, 29 டிகிரி இருக்கும், கீழக்கரை பக்கம் சங்கு குளிக்கிறவுக வெறும் உடம்போடவே இறங்கி ஏறுவாக. ஸ்காட்லாந்துல குளிர்காலக் கடைசில கடல் 6, 7 டிகிரி, நல்ல கோடைலயே 13, 14தான். தண்ணி காத்தைவிட சுமார் 25 மடங்கு வேகமா உடம்புச் சூட்டை இழுக்கும். 7 மில்லிமீட்டர் தடிமன்ல செமிட்ரை (கொஞ்சமா மட்டும் தண்ணி உள்ள விடுற சூட்) போட்டுக்கிட்டு 12 டிகிரில அரை மணி நேரம் தாக்குப் பிடிக்கலாம்தான், நானும் பண்ணிருக்கேன், ஆனா மேல ஏறி நனைஞ்ச சூட்டோட எதிர்காத்துல போட்ல உக்காந்து பல்லு அடிச்சுக்கிட்டு இருக்கிறப்ப ரெண்டாவது டைவுக்கு யார் வர்றீங்கன்னு கேட்டா எல்லாரும் கடலைத் தவிர வேற எங்கயாச்சும்தான் பாப்பாங்க. வருஷம் பூரா இறங்கணும்னா ட்ரைசூட்டுதான், அதுல பேச்சில்ல.

இப்ப நான் பண்ணுன முட்டாள்தனத்தைச் சொல்றேன். முதல் சூட் வாங்குறப்ப கையில இருந்த காசை மொத்தமா வெளிச்சூட்டுலயே கொட்டிட்டேன், மேல்தரமான துணி, முட்டில கவசம், தொடையில ரெண்டு பாக்கெட், எல்லாம் ஜோர். உள்ள போட்டுக்க மிச்சம் இருந்த காசுக்கு மெல்லிசா ஒரு ஃப்ளீஸ். பிப்ரவரி மாசம், தண்ணி 5 டிகிரி, 22வது நிமிஷம் விரல் மடங்கல, மேல வந்து கையில கட்டியிருந்த டைவ் கம்ப்யூட்டர் பட்டனை அமுக்கக்கூட முடியல, பல்லால கடிச்சு க்ளவுஸைக் கழட்டினேன். என்கூட வந்த ஆளு என் சூட் விலையில பாதிகூட இல்லாத சூட்டுல, ஆனா உள்ள தடியா நல்ல அண்டர்சூட் போட்டு, நான் ஏறுனப்புறம் வேற ஒருத்தரோட சேர்ந்து இன்னும் அரை மணி நேரம் சுத்திட்டு வந்தாரு. அன்னைக்குப் புரிஞ்சது, சூட் சூடு தராது, ஈரத்தை மட்டும்தான் தடுக்கும். நம்ம ஊர் வீட்டையே எடுத்துக்கங்க, பர்மாத் தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் ஒருதரம் போட்டதோட சரி, வருஷா வருஷம் காசைத் தின்கிறது ஓடுதான். ஓடு ஒழுகுறப்ப தூணைத் தடவிப் பெருமைப்பட்டு என்ன பண்றது. ட்ரைசூட்லயும் துணி தூணு மாதிரி, கழுத்து சீலு, கை சீலு (தண்ணி உள்ள வராம இறுக்கிப் பிடிக்கிற பட்டை), ஜிப்பு, வால்வு இதெல்லாம் ஓடு மாதிரி. நம்ம கையாலயே ஓடு மாத்திக்கிற மாதிரி இருக்கிற சூட்டைத்தான் வாங்கணும். அவன் கேட்ட ட்ரைலாமினேட்டா நியோப்ரீனாங்கிற கேள்வி எனக்கு ரெண்டாம்பட்சம்.

இருந்தாலும் கேட்டுட்டான், சொல்லிடறேன். ட்ரைலாமினேட்ங்கிறது ரெண்டு நைலான் அல்லது பாலியெஸ்டர் துணிக்கு நடுவுல ப்யூட்டைல் ரப்பரை வச்சு ஒட்டுன ஒரு ஷீட்டு, மழைக்கோட்டு மாதிரிதான், தனக்குன்னு ஒரு டிகிரி சூடு கிடையாது, ஆனா லேசு, மூணு நாலு கிலோவுல முடிஞ்சிரும், சீக்கிரம் காயும், திருச்சி ஏர்போர்ட்ல லக்கேஜ் தராசுல வைக்கிறப்ப நெஞ்சு அடைக்காது. உள்ள போடுறதை மாத்துனா அதே சூட் 4 டிகிரிக்கும் ஆகும், 15 டிகிரிக்கும் ஆகும். குறைன்னா துணி இழுபடாது, அதனால கொஞ்சம் தொளதொளன்னு வெட்டியிருப்பாங்க, தண்ணில இழுவை கொஞ்சம் கூட.

ஃபோம் நியோப்ரீன் நேர் எதிர். துணியே சூடு வச்சிருக்கும், உடம்போட ஒட்டி இழுபடும், நீந்த சுகம், விலையும் பெரும்பாலும் கம்மி. ஆனா அந்தச் சூடு எங்கேர்ந்து வருது, ரப்பருக்குள்ள இருக்கிற குட்டிக் குட்டி வாயுக் குமிழ்லேர்ந்து. 10 மீட்டர்ல அழுத்தம் ரெண்டு மடங்கு, 30 மீட்டர்ல நாலு மடங்கு, அப்ப குமிழெல்லாம் நசுங்கி சூட்டும் மெலிஞ்சிரும், மிதப்பும் போயிரும், அதாவது எங்க குளிர் அதிகமோ அங்க போயி இது கையை விரிக்கும். மேலயே 10, 15 மீட்டர்ல நண்டு நட்டுவாக்காலி பாத்துக்கிட்டு சுத்துறவங்களுக்கு இது போதும். காயத்தான் நேரமாகும், கனமும் ஜாஸ்தி.

இந்த நசுங்குற தொல்லையே வேணாம்னு முன்னாடியே நசுக்கி விக்கிறதுதான் கம்ப்ரஸ்டு நியோப்ரீனும் க்ரஷ்டு நியோப்ரீனும். ஆழத்துல பெரிசா மாறாது, கல்லு, துருப்பிடிச்ச இரும்புல உரசுனாலும் சட்டுனு கிழியாது, கப்பல் சிதைவு டைவ் பண்றவுக நிறையப் பேரு இதுல பிரியமா இருக்காக. 1919 ஜூன் 21ஆம் தேதி ஜெர்மன்காரன் தன் கப்பல்களைத் தானே மூழ்கடிச்ச இடம்தான் ஸ்காபா ஃப்ளோ, 52 கப்பல் அடியில போச்சு, பெரும்பாலானதைப் பின்னாடி தூக்கிட்டாங்க, இன்னைக்கு டைவுக்குன்னு மூணு போர்க்கப்பலும் லைட் க்ரூஸர்ங்கிற சின்னப் போர்க்கப்பல் நாலும் கிடக்கு, பெரிய கப்பல்கள் கிட்டத்தட்ட 40 மீட்டர் ஆழத்துல. அந்த மாதிரி இடத்துக்கு இந்தத் துணி பொருத்தம்தான், ஆனா 14 டைவ் போட்டவன் அங்க போறதுக்கு முன்னாடி யோசிக்க வேண்டியது துணியை இல்ல, இன்னும் ஒரு 40, 50 டைவை. இதை எழுதுறப்ப எட்டிப் பாத்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டான், பரவால்ல.

வல்கனைஸ்டு ரப்பர்னு ஒண்ணு இருக்கு, அழுக்குத் தண்ணில, துறைமுகத்துல வேலை பாக்கிற தொழில்முறை ஆளுங்க போடுறது. கழுவுனா சுத்தம், துடைச்சா காஞ்சிரும், ஓட்டை விழுந்தா சைக்கிள் ட்யூப்ல பஞ்சர் ஒட்டுற மாதிரியே ஒட்டிக்கலாம். மாணவனுக்கு வேணாம், கனம்.

என் தீர்ப்பு, இவனுக்கு ட்ரைலாமினேட். துணி உசத்திங்கிறதால இல்ல, லக்கேஜ், காயுற வேகம், உள்ளாடையை மாத்திக்கிற வசதி, இந்த மூணுக்காக. நடுத்தர விலையில எடுத்தாப் போதும், நான் பாத்த வரைக்கும் கடைல இருக்கிற சைஸ்ல ஒரு லட்சத்துச் சில்லறையில ஆரம்பிச்சு அளவு குடுத்துத் தைக்கிறது ரெண்டரை மூணு லட்சம் வரைக்கும் போகுது. மிச்சம் பிடிச்ச காசை எங்க போடணும்னு கீழ சொல்றேன்.

சீல்தான் இந்த விஷயத்துல சரக்கு, கொஞ்சம் நிதானமாப் படிங்க. லேட்டக்ஸ், சிலிக்கான், நியோப்ரீன்னு மூணு வகை. லேட்டக்ஸ் நல்லா இழுபடும், தண்ணி விடாது, மலிவு. ஆனா வெயில், ஓசோன், எண்ணெய் மூணும் அதுக்கு எமன். நான் என் பழைய சூட்டை வைக்க இடமில்லாம ஒருதரம் ஊருக்குக் கொண்டு வந்து மாடில ஐயா காலத்து இரும்புப் பெட்டில மடிச்சு வச்சுட்டுப் போனேன், பூட்டிக் கிடக்கிற வீடு, ரெண்டு கோடை போச்சு. திரும்ப வந்து திறந்தா கழுத்து சீல் பலாப்பழப் பால் மாதிரி ஆகி தன்னோட தானே ஒட்டிக்கிச்சு, பிரிக்கப் போனா கையில நூல் நூலா இழுக்குது, பெட்டிக்குள்ள பூரா ஒரு புளிச்ச ரப்பர் நாத்தம். ஆத்தா எட்டிப் பாத்துட்டு "இதுக்கா அம்புட்டுக் காசு"ன்னு ஒரு வார்த்தைதான் சொன்னாக.

அடுத்தது நம்மாளுங்களுக்கே உள்ள வியாதி, தேங்காய் எண்ணெய். சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டு ஞாயித்துக்கிழமை டைவுக்குப் போனா பிடரியில இருக்கிற எண்ணெய் லேட்டக்ஸை மெதுவாக் கரைச்சிரும், சன்ஸ்க்ரீனும் அப்படித்தான். வாசனைப் பவுடரும் வேணாம், வாசனையில்லாத டால்க்தான். அதே பவுடரை சிலிக்கானுக்குப் போட வேண்டியதில்ல, அது தானே வழுக்கிக்கிட்டுப் போகும்.

சிலிக்கான் தோலுக்கு மெத்துன்னு இருக்கும், லேட்டக்ஸ் அலர்ஜிக்காரங்களுக்கும் ஒத்துக்கும், வெயிலுக்கும் இந்த அளவுக்கு உருகாது. ஆனா ஒரு சின்னக் கீறல் விழுந்தா அப்படியே சர்ருனு கிழிஞ்சுக்கிட்டே போகும், பசையும் ஒட்டாது, அதனால சூட்டுல ஒரு வளையம் வச்சு அதுல சீலைப் பொருத்துவாங்க. இந்த வளையம்தான் நான் சொல்ற ஓடு மாத்துற வசதி. லேட்டக்ஸை ஒட்டுன சூட்ல சீல் போனா பழசைப் பிச்சு, சுத்தம் பண்ணி, பசை போட்டு, ராத்திரி பூரா காய வைக்கணும், இல்லாட்டி கடைக்கு அனுப்பிட்டுக் காத்துக் கிடக்கணும். வளையம் இருந்தா போட்ல உக்காந்தே பத்து நிமிஷத்துல புதுசு மாட்டிட்டு இறங்கிரலாம். சுவீடன்ல சைடெக் பண்ற வளையங்கள் பல கம்பெனி சூட்டுலயும் வருது, உதிரி சீலும் சுலபமாக் கிடைக்கும். பையில எப்பவும் ஒரு கழுத்து, ரெண்டு கை சீல் இருக்கணும். வளையத்துக்காகக் கூடக் கேக்கிற காசைக் கண்ணை மூடிக்கிட்டுக் குடுங்க, முட்டிக் கவசத்துல கையைக் கட்டிக்கங்க.

நியோப்ரீன் சீல் உழைக்கும், கழுத்துக்குக் கதகதப்பு, உள்பக்கமா மடிச்சு விடணும், மணிக்கட்டுல நரம்பு புடைச்சிருக்கிற ஒல்லி ஆளுங்களுக்கு லேசாத் தண்ணி கசியும். இவன் கையைப் பாத்தேன், முருங்கைக்காய், வேணாம்னுட்டேன். புது லேட்டக்ஸ் கழுத்து சீல் இறுக்கமா இருந்தா உடனே கத்திரியைத் தூக்காம ஒரு குடத்துல மாட்டி ராத்திரி விட்டுப் பாருங்க, இளகும். அப்புறமும் இறுக்குனா மட்டும் ஒவ்வொரு கோடா வெட்டணும், கழுத்துல ரொம்ப இறுக்கம் வெறும் அசௌகரியம் இல்ல, ரத்த ஓட்டத்தைத் தடுத்து மயக்கம்கூட வரும்.

ஜிப்புல பித்தளை, பிளாஸ்டிக் ரெண்டு. பித்தளை கெட்டி, மெழுகு தேய்க்கணும், உப்புத்தண்ணி காஞ்சு படிஞ்சா பல்லு பச்சை பூக்கும், காரைக்குடி சிக்ரில (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) அரிமானத்தைப் பத்தி அத்தனை வருஷமா ஆராய்ச்சி பண்றாங்க, நம்ம ஜிப்பைக் கழுவுறதுக்கு ஒரு வாளி நல்ல தண்ணிதான் தேவை, அதைப் பண்ண மாட்டோம். ஒரு மடிப்பு விழுந்துட்டா பித்தளை ஜிப்பு அவ்வளவுதான், ஜிப்பு மாத்துற செலவு சின்னது இல்ல, அதனால திறந்து வச்சு, மடிப்பு விழாமச் சுருட்டணும், வேட்டி மடிக்கிற மாதிரி மடிக்கக் கூடாது. பிளாஸ்டிக் ஜிப்பு வளையும், லேசு, சூட்கேஸ்ல வைக்கப் பயமில்ல, மூடுற முனையில மட்டும் சிலிக்கான் க்ரீஸ் ஒரு பொட்டு. அடிக்கடி விமானம் ஏறுற ஆளுக்கு பிளாஸ்டிக். முதுகுப் பக்க ஜிப்பா முன்பக்க ஜிப்பான்னா முன்பக்கம்தான், முதுகு ஜிப்புக்கு எப்பவும் ஒருத்தன் வேணும், ஒண்ணுக்கு அவசரமா வர்றப்பதான் அந்த ஒருத்தன் கண்ணுலயே பட மாட்டான்.

இப்ப மிச்சம் பிடிச்ச காசு. அண்டர்சூட்டுல போடுங்க. உள்ளாடை ரெண்டு அடுக்கு, தோலை ஒட்டி மெரினோ கம்பளி, அதுக்கு மேல தின்சுலேட் மாதிரி தடியான அண்டர்சூட். காட்டன் பனியனோட இறங்கவே கூடாது, வேர்வையைக் குடிச்சு வச்சுக்கிட்டு டைவ் பூரா ஈரத்துணி சுத்துன மாதிரி இருக்கும். சதுர மீட்டருக்கு 200 கிராம் அடர்த்தி உள்ள அண்டர்சூட் ஸ்காட்லாந்துக் கோடைக்கும் இலையுதிர்காலத்துக்கும் பெரும்பாலானவங்களுக்குப் போதும், 5 டிகிரிக்குக் கீழன்னா 400. ரெண்டும் வாங்க முடியலைன்னா 200 வாங்கி உள்ள ஒரு கம்பளி வெஸ்ட் சேத்துக்கங்க, நெஞ்சு சூடா இருந்தா விரலுக்கு ரத்தம் போகும். இன்னொண்ணு, புதுசா ட்ரைசூட் போடுறவன் எல்லாரும் ஏறி வந்ததும் "ஒழுகுது, ஏமாத்திட்டான்"னு கத்துவான், பாத்தா முக்கால்வாசி அவன் வேர்வைதான், கரைல முழுசா மாட்டிக்கிட்டு அரை மணி நேரம் கதையடிச்சதோட பலன். ஒழுகுனா ஒரு இடத்துல நனைஞ்சிருக்கும், வேர்வைன்னா எல்லா இடத்துலயும் பொதுவா ஈரமா இருக்கும், வாயில வச்சுப் பாத்துக் கண்டுபிடிக்க முடியாது, ரெண்டும் உப்புக் கரிக்கும்.

கைக்கு ட்ரை க்ளவுஸா வெட் க்ளவுஸா. 10 டிகிரிக்கு மேல 5 மில்லி வெட் க்ளவுஸ் போதும், விரல் நுனி உணர்ச்சி கொஞ்சம் மிச்சமிருக்கும். அதுக்குக் கீழ ட்ரை க்ளவுஸ், உள்ள கம்பளிக் கையுறை. ட்ரை க்ளவுஸ்ல ஒரு சூட்சுமம், கை சீலுக்கு அடியில ஒரு சின்ன நூலோ மெல்லிசான ட்யூபோ சொருகி விடணும், அப்பதான் சூட் காத்து க்ளவுஸுக்குள்ள போயி வரும், இல்லாட்டி ஆழத்துல க்ளவுஸ் நசுங்கி விரலைப் பிழியும். அதுக்குன்னு சீலையே எடுத்துட்டு நேரா க்ளவுஸை மட்டும் மாட்டுறவங்க இருக்காங்க, எனக்குப் பிடிக்கல, கல்லுல ஒட்டியிருக்கிற பார்னக்கிள் ஓடு ஒண்ணு க்ளவுஸைக் கீறுனாப் போதும், தண்ணி தோள்பட்டை வரைக்கும் வந்துரும். தலைக்கு 7 மில்லி ஹுட், அதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல, முதல் நிமிஷம் ஐஸைக் கடிச்ச மாதிரி நெத்தி விண்ணுன்னு தெறிக்கும், அப்புறம் மரத்துப் போயிரும்.

பூட்ஸ் ஒட்டுனதா, சாக்ஸ் வச்சு மேல தனி பூட்ஸான்னா, கல்லுக்கரைல நடந்து இறங்குறவங்களுக்குத் தனி பூட்ஸ். எதுவானாலும் அந்தமான்ல போட்ட ஃபின்னுக்குள்ள (கால் துடுப்பு) இது நுழையாது, பெரிய கால் பாக்கெட் உள்ள ஃபின் வாங்கணும், இதைக் கணக்குல எடுக்காம வாங்கிட்டு கரைல முழிக்கிறவங்களை வருஷா வருஷம் பாக்கிறேன்.

வால்வு ரெண்டு, நெஞ்சுல காத்து விடுறது, இடது தோள்ல காத்தை வெளியேத்துறது. காத்து எதுக்குன்னா, இறங்க இறங்க சூட் உடம்பைக் கவ்வும், விடலைன்னா மேல வந்து பாத்தா தோல்ல கோடு கோடா ரத்தம் கட்டியிருக்கும். மிதப்பை சூட்டால சமாளிக்கிறதா பிசிடியாலயான்னு (காத்து அடைச்சு மிதப்பைச் சரிபண்ற ஜாக்கெட்) டைவர்ங்க கூடுனா இட்லிக்குச் சாம்பாரா சட்னியாங்கிற அளவுக்குச் சண்டை, என் பழக்கம், கவ்வாத அளவுக்கு மட்டும் சூட்டுக்கு, மிச்சம் பிசிடிக்கு. சூட்டுல காத்து ஜாஸ்தியானா அது காலுக்கு ஓடும், தலைகீழா ராக்கெட் மாதிரி மேல தூக்கும், அப்ப முட்டியை மடிச்சு உருண்டு தலையை மேல கொண்டு வந்து வால்வால வெளியேத்தணும். இதை ட்ரைசூட் கோர்ஸ்ல ஆள் வச்சுப் பழகுங்க, படிச்சுட்டுப் பழகாதீங்க.

ரெகுலேட்டர்ல, அதாவது டேங்க் காத்தை மூச்சுக்கு ஏத்த அழுத்தத்துல வாய்க்குக் கொண்டு வர்ற கருவில, கஞ்சத்தனம் கூடாது. ஐரோப்பாவுல ஈஎன் 250ன்னு தரக்குறி, அதுல 10 டிகிரிக்குக் கீழ ஆகுமான்னு தனியாப் பாக்கணும். டேங்க்லேர்ந்து காத்து அழுத்தம் குறைஞ்சு விரியிறப்ப தானே குளிரும், சுத்தித் தண்ணியும் 4 டிகிரின்னா உள்ள ஈரம் உறைஞ்சு வால்வு திறந்தபடியே நின்னுரும், டேங்க் கண்ணு முன்னாடியே காலியாகும். அதனால தண்ணி உள்ள போகாம அடைச்ச ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் (டேங்க்ல மாட்டுற முதல் பகுதி) உள்ளதா வாங்கணும், சூட்டுக்குக் காத்து விடுற பட்டனை நீளமா அமுக்காம டக்கு டக்குனு சின்னச் சின்னதா அமுக்கணும், கரைல நின்னுக்கிட்டு ரெகுலேட்டர்ல ஊதிப் பாக்கக் கூடாது. ரெகுலேட்டரை டேங்க்ல மாட்டுறதுக்கு நம்ம பக்கம் யோக்குங்கிற கவ்வி, குளிர்த்தண்ணிக்கு டின் (DIN)ங்கிற திருகு வகைதான் நல்லது. டேங்கும் அங்க ஸ்டீல் 12 லிட்டர் சாதாரணம், அலுமினியம் மாதிரி காலியானதும் மிதக்காது, அதனால இடுப்புல ஈயம் கொஞ்சம் குறையும். குறைஞ்சும் என்ன, அந்தமான்ல 3 கிலோ கட்டுனவன் அங்க 10, 12 கிலோ கட்டுவான். ஐஸ்லாந்துல சில்ஃப்ராங்கிற பாறைப் பிளவுக்கு நான் போறப்ப அதுலேர்ந்து 3 கிலோவைக் கழிச்சிருவேன், அது நல்ல தண்ணி, வருஷம் பூரா 2லேர்ந்து 4 டிகிரி, லாங்யோகுல் பனிப்பாறை உருகி எரிமலைக் கல்லு வழியா பல வருஷம் வடிஞ்சு வர்ற தண்ணி, 100 மீட்டர் தூரம் கண்ணாடி மாதிரி தெரியும், நம்ம ஊருணில ஒரு முழம் தெரிஞ்சாலே ஆச்சரியம்.

பீ-வால்வு, அதாவது சூட்டுக்குள்ளேர்ந்தே ஒண்ணுக்குப் போற குழாய், குளிர்ல ஒண்ணுக்கு முட்டத்தான் செய்யும், தண்ணி குடிக்காம இறங்குறது அதைவிட ஆபத்து, ஆனா 40 நிமிஷ டைவுக்கு முதல் வருஷம் தேவையில்ல. ஹீட்டட் வெஸ்ட் அண்டர்சூட் சரியில்லாதவன் தேடுற குறுக்குவழி, பாட்டரி 100 வாட்-ஹவருக்கு மேல போனா விமானத்துல ஏர்லைன்ஸ்கிட்ட அனுமதி வாங்கணும், 160ஐத் தாண்டுனா விமானத்துல கொண்டு போகவே விடமாட்டாங்க. சூட்டுக்குள்ள ஆர்கான் வாயு அடைச்சு சூடாக்குறேன்னு எவனாச்சும் சொன்னா டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வச்சிருங்க.

இவனுக்கு நான் சொன்ன வரிசை, போனதும் சூட் வாங்காத, யுனிவர்சிட்டி டைவிங் கிளப்புல சேரு, பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப் ஆரம்பிச்சதும் நம்ம சிக்ரி திறந்ததும் ஒரே 1953தான், ஊரூருக்குக் கிளை இருக்கு, பல கிளைல இரவல் சூட் கிடைக்கும், ஒரு அஞ்சாறு டைவ் அதுல இறங்குனா உனக்கு எது பிடிக்கலைன்னு தெரியும். அதுவரைக்கும் அண்டர்சூட், ஹுட், க்ளவுஸ் மட்டும் வாங்கு, அதெல்லாம் எந்தச் சூட்டுக்கும் ஆகும். செகண்ட்ஹேண்ட் வாங்கலாம், ஆனா காத்து அடைச்சுப் பாக்காம காசு குடுக்காத.

அதை எப்படிப் பாக்கிறதுன்னு நேத்து வளவுல (வீட்டு உள்முற்றத்துல) செஞ்சே காமிச்சேன், அடுத்து இங்கேர்ந்து நேரா ஐஸ்லாந்து போறதால என் சூட் கையிலதான் இருந்துச்சு. ஜிப்பை மூடி, தோள் வால்வை முழுசாத் திருகி அடைச்சு, கழுத்துல சின்ன எவர்சில்வர் குடம், ஒரு கையில டம்ளர், இன்னொரு கையில அடி ஓட்டை போட்ட பாட்டில், அந்த ஓட்டைல ஏர்பெட் பம்ப்பு. உப்புனதும் சோப்புத் தண்ணியை பிரஷ்ஷால தடவிக்கிட்டே வந்தா, ஒழுகுற இடத்துல நுரை கொப்புளம் கொப்புளமா வரும். எனக்கு இடது முட்டி தையல்ல ரெண்டு கடுகு சைஸ் கொப்புளம், சாக்பீஸால வட்டம் போட்டேன். அந்த நேரம் பக்கத்து வீட்டு ஆச்சி கும்மாயம் குடுக்க வந்தவுக, ஆத்தங்குடிக் கல்லு மேல கறுப்பா, கை கால் விரிச்சு, தலைக்குப் பதிலாக் குடத்தோட ஒரு உருவம் படுத்துக் கிடக்கிறதைப் பாத்துட்டு கிண்ணத்தைக் கீழ போட்டுட்டாக.

சைஸ் பாக்க ஒரு சுருக்கமான வழி, அண்டர்சூட்டோட முழுசா மாட்டிக்கிட்டு பிள்ளையார்பட்டில போடுற மாதிரி தோப்புக்கரணம் போடுங்க. கையைக் குறுக்காக் கட்டிக் காதைப் பிடிக்க முடியணும், முழுசா உக்காந்து எந்திரிக்கிறப்ப கவட்டையில இழுக்கக் கூடாது, அப்புறம் கையைப் பின்னுக்குக் கொண்டு போயி டேங்க் வால்வு இருக்கிற இடத்தைத் தொட முடியணும். இதுல தேறுனா கடை சைஸே போதும். இவன் ஆறடி ஒரு அங்குலம், 62 கிலோ, எந்தக் கடை சைஸும் தேறாது, அதனால என்னைக்கு வாங்குனாலும் அளவு குடுத்துத்தான். அளவு ஃபார்ம்ல இருபதுக்கு மேல கட்டம், தலையோட சுத்தளவு, கணுக்கை, அப்புறம் கழுத்துக் குழிலேர்ந்து கவட்டை வழியாப் போயி முதுகுப் பக்கமா திரும்ப கழுத்துக்கு வர்ற ஒரு சுத்து. இன்னைக்குச் சாயங்காலம் காரைக்குடி செக்காலை ரோட்டுல எங்க அப்பச்சிக்குச் சட்டை தைச்ச டெய்லர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். வெறும் உடம்புல ஒரு தரம் எடுத்தாரு, என் அண்டர்சூட்டை மாட்டிவிட்டு இன்னொரு தரம். கடைசி கட்டத்துக்கு வந்ததும் டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டு "தம்பி, இம்புட்டு வருஷத்துல இந்த அளவை யாரும் கேட்டதில்ல"ன்னாரு. பயலுக்கு வேர்த்து ஊத்துது, பக்கத்துக் கடைலேர்ந்து நன்னாரி சர்பத் வாங்கிக் குடுத்து நிக்க வச்சேன். கீழ கால் பக்கம் கொஞ்சம் லூஸ் சேத்துக்கலாமான்னு கேட்டாரு, அங்கதான் காத்து சேரும், சேக்காதீங்கன்னு சொன்னேன், ஏன் எதுக்குன்னு கேக்காம தலையை ஆட்டிட்டு, எங்க குடும்பத்து அளவெல்லாம் இருக்கிற அந்தப் பழைய நோட்டைப் புரட்டி, புதுப் பக்கத்துல மேல "சின்னவுக மகன், தண்ணிக் கோட்டு"ன்னு எழுதி அடிக்கோடு போட்டாரு.